இன்னொரு செல்லப்பா

செல்லப்பா என்றதும் சிற்றிதழ் வாசகருக்கு நினைவில் எழுபவர் சி.சு. செல்லப்பா. 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கி, பாராட்டுரை வேறு, விமர்சனம் வேறு என்று வற்புறுத்தியவர். நாம் இங்கே பேச வந்தது இன்னொரு செல்லப்பாவைப் பற்றி. ஆனால் அந்தச் செல்லப்பாவின் பாடம் இந்தச் செல்லப்பாவை அறியவும் தேவைப்படுகிறது.

ராமா செல்லப்பா, கணினிப் பார்வைத் துறையின் மூத்த அறிஞர். 1975-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, 1981-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் முனைவரானார். மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தபின், 2020 முதல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர்.

இத்தகையோரைப் பற்றித் தமிழில் வழக்கமாக எழுதப்படுவது இவ்வளவே. இதனுடன் இத்தனை கட்டுரைகள், இத்தனை மேற்கோள்கள், இத்தனை விருதுகள் என்றொரு பட்டியல் சேரும். முடிவில் 'நம்மவர்' என்ற பெருமிதம். அவர் எதைக் கண்டறிந்தார் என்பதற்கு ஒரு பத்திகூட இராது. இதை அறிமுகக் கட்டுரை என்பது பிழை. இது திருமண மண்டபத்து வாழ்த்துமடல்.

மேற்கோள் எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை என்பதற்கு அவருடைய எழுத்தே சான்று. அவர் பெயரில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றுள் ஒன்று, முகமறிதல் குறித்து 2003-இல் வேறு மூவருடன் எழுதிய மதிப்பாய்வு. அது புதிய கண்டுபிடிப்பு அன்று. அதுவரை பிறர் செய்தவற்றை எடைபோட்ட கட்டுரை. அதன் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை. வெளிச்சம் மாறினாலும் தலை திரும்பினாலும் இயந்திரம் தடுமாறுகிறது என்பதை ஒளிக்காமல் சொன்ன நேர்மையில் இருக்கிறது.

அந்தத் தடுமாற்றம் விளங்கினால் அவருடைய ஆய்வும் விளங்கும். ஒரே மனிதரைக் காலை வெயிலிலும் குழல்விளக்கிலும் படமெடுத்தால், கணினிக்கு அவ்விரு படங்களும் இரு வேறு மனிதர்களின் படங்களைவிட அதிகமாக வேறுபட்டுத் தெரியலாம். ஒருவரின் பல படங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைச் சுருக்கி, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைப் பெருக்கிக் காட்டும் கணித முறையை முகங்களுக்குப் பயன்படுத்தி 1997-இல் அவரும் எட்டமாடும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இதைத் தமிழில் சொல்ல இரண்டு வாக்கியங்களே தேவைப்பட்டன. எழுத இயலாது என்பாரின் சாக்கு அத்தோடு தீர்ந்தது.

ஆய்வின் தாக்கம் என்ற சொல்லுக்கும் நாம் பொருள் மாற்றியாக வேண்டும். கள்ளிக்குப்பத்திலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவருக்கு, வாசலில் முகம் காட்டி வருகையைப் பதியும் கருவி இன்று புதுமையன்று. 2021-இல் தமிழகக் காவல்துறை முகமறியும் மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 80 விழுக்காடு ஒப்புமை இருந்தாலே பொருத்தமெனக் கொள்வதாக 2022-இல் தில்லிக் காவல்துறை தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதிலளித்தது. பல மென்பொருள்கள் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களை, வெள்ளையர் முகங்களைவிட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகத் தவறாகப் பொருத்துகின்றன என்று அமெரிக்கத் தர நிறுவனம் 2019-இல் அறிவித்தது. இவற்றுக்குச் செல்லப்பாவைப் பொறுப்பாக்குவது நம் நோக்கமன்று. ஆனால் இத்துறையின் தாக்கம் அந்தத் தொழிற்சாலை வாசலில் இருக்கிறது. மேற்கோள் பட்டியலில் இல்லை.

இதைக் கேட்பதற்கு அவரே நமக்கு வழி காட்டியிருக்கிறார். அவர் பங்கேற்ற 2018-ஆம் ஆண்டின் ஆய்வொன்று, தேர்ந்த தடயவியல் நிபுணரும் சிறந்த மென்பொருளும் சேர்ந்து முடிவெடுக்கையில், இரு நிபுணர்கள் சேர்ந்து எடுக்கும் முடிவைவிடத் துல்லியம் கூடுவதைக் காட்டியது. அதாவது மனிதரை விலக்கிவிட்டு இயந்திரத்தை வைக்கச் சொல்லவில்லை அந்த ஆய்வு. 2022-இல் செயற்கை நுண்ணறிவை நம்பலாமா என்ற கேள்வியையே தலைப்பாக்கி ஒரு நூலும் எழுதினார். துறையைக் கட்டியெழுப்பியவர் ஐயத்தோடு பேசுகிறார். அவருக்கு மாலை சூட்டுகிற நாமோ ஐயமின்றிக் கைதட்டுகிறோம்.

இது இலக்கிய இதழின் வேலையா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. பெ.நா. அப்புசுவாமியின் அறிவியல் கட்டுரைகளைத் தமிழ் உரைநடையின் செல்வமாக எண்ணும் மரபு நம்முடையது. சுஜாதாவின் இயந்திர நாய் ஜீனோவை வீட்டுப்பிள்ளையாக ஏற்ற வாசகர்கள் நாம். கற்பனை இயந்திரத்துக்கு இடமளித்த மொழி, நம் முகத்தைப் படிக்கும் மெய்யான இயந்திரத்தின்முன் வாயடைத்து நிற்பது முறையன்று.

கருவி தன்னைத் தவறாக அடையாளம் கண்டதென்று முறையிட வேண்டிய தொழிலாளிக்கு, அது எப்படித் தவறும் என்று சொல்லும் சொற்கள் அவர் மொழியில் இருந்தாக வேண்டும். அச்சொற்களை ஆக்குவது எழுதுகிறவர்களின் கடமை. ஆகவே, அடுத்தமுறை 'நம்மவர்' ஒருவரைப் பற்றி எழுத முனைவோரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: விருதுகளை ஒரு வரியில் முடியுங்கள், மிச்சப் பக்கத்தில் அவருடைய ஆய்வை அலசுங்கள்.