கர்ப்பகால மனச்சோர்வு: ரத்தத்தில் செரோடோனின் பார்த்தால் தெரியுமா?

ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு மகப்பேறு மருத்துவமனை ஆகட்டும், எண்ணூர், திருவொற்றியூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஆகட்டும், செக்கப்புக்கு வரும் கர்ப்பிணிக்கு பிபி, எடை, ஹீமோகுளோபின், சுகர் என எல்லாவற்றுக்கும் ஓர் எண் உண்டு. ‘மனசே சரியில்ல, சும்மா சும்மா அழுகை வருது’ என்பதற்கு மட்டும் எண் இல்லை. ‘செரோடோனின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?’ என்ற கேள்வி அங்கிருந்துதான் வருகிறது.

எடுத்தாலும் பயன் இல்லை. ஏன்?

உடலில் உள்ள செரோடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில் உருவாகிறது. ரத்தத்தில் அதைச் சுமப்பவை தட்டணுக்கள். மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை செரோடோனின் தாண்டாது. ஆக, கையில் குத்தி எடுக்கும் ரத்தம் மூளையின் கணக்கைச் சொல்லாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மனச்சோர்வுக்குத் தரப்படும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள், தட்டணுக்களுக்குள் செரோடோனின் போவதையும் தடுக்கின்றன. அதனால் மாத்திரையில் நன்றாகத் தேறிவருபவருக்கும் ரத்த அளவு குறைவாகவே காட்டும். ரிப்போர்ட்டை மட்டும் நம்பினால் பயந்துதான் போக வேண்டும்!

செரோடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு சொன்னது. அதற்காக மாத்திரை வீண் என்று அர்த்தமில்லை. ‘மாசமா இருக்கேன்’ என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்டுத்தான். 1987-ல் உருவான எடின்பரோ அளவுகோலில் இருப்பது 10 கேள்விகள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 சதவீதம் பேருக்கும், பிரசவித்தவர்களில் 19.8 சதவீதம் பேருக்கும் மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. கிட்டத்தட்ட ஆறில் ஒரு கர்ப்பிணி!

2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீனவர் வீடுகளில் வருமானம் நின்றது. அதே மாதம் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். அந்தப் பயமும் கடனும் எந்த லேப் ரிப்போர்ட்டிலும் வராது. வாய்விட்டுக் கேட்டால்தான் தெரியும். எனவே ஒவ்வொரு கர்ப்பகாலப் பரிசோதனையிலும் பிபி பார்ப்பதுபோல் இந்தக் கேள்விகளும் கட்டாயமாக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் சோகம், எதிலும் பிடிப்பின்மை நீடித்தால், ‘மசக்கை, சரியாயிடும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி-மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலும் பேசலாம். ‘சாகலாம் போல இருக்கு’ என்று சொன்னால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.