சூரிய பகவான் கொடுத்த சட்டம்

உலகத்தின் பழைய நாகரிகங்களைப் பற்றிப் படித்துவரும் ஒரு மாணவத் தோழர், "எகிப்து, சுமேரியா, பாபிலோன் என்று நாலாயிரம் வருஷத்துச் சங்கதிகளை நாங்கள் ஏன் படிக்க வேண்டும்? அவற்றால் இன்று என்ன பிரயோஜனம்?" என்று நம்மைக் கேட்கிறார். கேள்வி நியாயமானதேயாகும். அரசர்களின் பெயரையும் ஆண்ட வருஷத்தையும் பரீட்சைக்காக நெட்டுருப் போடுவதானால் ஒரு பிரயோஜனமும் இல்லையென்றுதான் நாமும் சொல்லுவோம். ஆனால் அதே சரித்திரத்தைப் பகுத்தறிவு கொண்டு படித்தால், இன்றும் நம் தலைமேல் உட்கார்ந்திருக்கும் புரட்டுகள் எப்படி உண்டாக்கப்படுகின்றன, யாருடைய நன்மைக்காக உண்டாக்கப்படுகின்றன என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். உதாரணத்துக்கு ஒரே ஒரு கல்லை எடுத்துக்கொள்வோம்.

கி.மு. 1750-ஐ ஒட்டி, பாபிலோனை ஆண்ட ஹம்முராபி என்னும் அரசன், ஏழடிக்கு மேல் உயரமுள்ள ஒரு கறுப்புக் கல்லில் சுமார் 282 சட்டங்களைப் பொறித்து வைத்தான். கல்லின் உச்சியில் ஒரு சிற்பம். ஷமாஷ் என்னும் சூரியக் கடவுள் ஆசனத்தில் வீற்றிருக்கிறார். அரசன் கையை உயர்த்தி எதிரில் நிற்கிறான். வலியவன் எளியவனை நசுக்காமல் இருப்பதற்காகவே தெய்வங்கள் தன்னை நியமித்ததாக முகவுரையும் எழுதிக்கொண்டான்.

சரி, அந்தச் சட்டம் எளியவனுக்குச் செய்ததென்ன? உயர்குலத்தான் ஒருவன் தன் போன்ற உயர்குலத்தானின் கண்ணைக் கெடுத்தால், அவன் கண்ணையும் கெடுக்க வேண்டும். சாமானியன் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா, அதாவது சுமார் அரைக் கிலோ வெள்ளி கொடுத்தால் போதும். அடிமையின் கண்ணைக் கெடுத்தாலோ அவனுடைய விலையில் பாதி. ஆனால் ஓர் அடிமை உயர்குலத்தானைக் கன்னத்தில் அறைந்துவிட்டால் அவன் காதை அறுக்க வேண்டும்! கண் ஒன்றுதான், வலி ஒன்றுதான். நியாயம் மட்டும் மூன்று! வீடு இடிந்து வீட்டுக்காரனின் மகன் செத்தால், வீட்டைக் கட்டியவனின் மகனைக் கொல்ல வேண்டுமாம். அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று கேட்கிறோம்.

அக்கல்லில் நல்ல சட்டங்களும் உண்டு. வெள்ளத்தாலோ வறட்சியாலோ விளைச்சல் கெட்ட வருஷத்தில் கடன்பட்டவன் வட்டி கட்ட வேண்டியதில்லை என்கிறது. இதை நாம் மறைக்கவில்லை. நல்லதும் கெட்டதும் இப்படிக் கலந்து கிடப்பதே அது மனிதன் செய்தது என்பதற்கு அத்தாட்சியல்லவா? இவனுக்குச் சுமார் 350 வருஷங்களுக்கு முன்பே, அதே பிரதேசத்தில் ஊர்நம்மு என்னும் சுமேரிய அரசன் பெயரால் வழங்கிய சட்டத்திலே, கண்ணைக் கெடுத்தவன் அரை மினா வெள்ளி கட்டினால் போதும் என்றிருக்கிறது. கண்ணுக்குக் கண் அங்கு இல்லை. கடவுள் கொடுத்த சட்டமானால் 350 வருஷத்தில் கடவுளின் புத்தி மாறுவானேன்?

மேலும் சுமார் 600 வருஷங்களுக்குப் பின் ஏலாம் நாட்டரசன் படையெடுத்து வந்து, அந்தக் கல்லைக் கொள்ளைப் பொருளாகச் சூசா நகரத்துக்குத் தூக்கிப் போய்விட்டான். சட்டம் கொடுத்த சூரிய பகவான் அப்போது எங்கே போயிருந்தார்? 1901-ல் பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தோண்டியெடுத்தார்கள். இன்று அது பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் நிற்கிறது. ஹம்முராபி ஆண்ட பூமியான ஈராக்கில் அக்கல்லைக் காட்டி ஒருவன் காதை ஒருவர் அறுப்பதில்லை.

நிற்க, நமது நாட்டுக்கு வருவோம். மனுதர்மமும் தெய்வத்தினிடமிருந்து வந்ததாகவே சொல்லிக்கொள்கிறது. அதன் எட்டாவது அத்தியாயத்தைப் பாருங்கள். பிராமணனைத் திட்டிய க்ஷத்திரியனுக்கு 100 பணம் அபராதம். திட்டியவன் சூத்திரனானால் உடம்பிலே தண்டனை. அதே பிராமணன் சூத்திரனைத் திட்டினால் 12 பணத்தோடு சரி! பாபிலோன் கல்லுக்கும் இதற்கும் ஊரும் காலமும் வேறு, தந்திரம் ஒன்றே. தனக்கு வேண்டியதைச் சட்டமாக்கிக் கடவுள் கையெழுத்தைப் போட்டுக்கொள்வதுதான் அந்தத் தந்திரம்.

வித்தியாசம் என்னவென்றால், அது காட்சிசாலைக்குப் போய்விட்டது. இது போக மறுக்கிறது. 1927 டிசம்பர் 25-ல் மகாத்தில் டாக்டர் அம்பேத்கர் முன்னின்று மனுதர்மத்தைக் கொளுத்தினார். 1950-ல் அரசியல் சட்டம் எல்லோரும் சட்டத்தின்முன் சமம் என்றது. ஆயினும், பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கத் தமிழ்நாட்டில் 1970-ல் சட்டம் செய்த பிறகு, அரசுப் பயிற்சி பெற்ற பல ஜாதியாரில் 24 பேருக்கு நியமன உத்தரவு கிடைத்தது 2021 ஆகஸ்டில்! ஐம்பது வருஷத்துக்கு மேல் குறுக்கே நின்றது எது? ஆட்சேபித்தவர்கள் காட்டியது ஆகமத்தையல்லவா?

ஆகவே மாணவத் தோழர்களே! பழைய நாகரிகங்களைத் தாராளமாகப் படியுங்கள். ஆனால் எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும், இதை எழுதியவன் யார், இதனால் பிழைத்தவன் யார், இதனால் காதறுபட்டவன் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கேட்டுத் தெரிந்ததைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாமல் உங்கள் வீட்டிலும் வீதியிலும் சொல்லுங்கள். காட்சிசாலையில் இடமில்லாமலா போய்விட்டது?