கொடி நாளும் நடுகல்லும்

1949 முதல் டிசம்பர் 7-ஆம் தேதியைக் கொடி நாளாக அனுசரித்து, யுத்தத்தில் உயிர்நீத்தோர் குடும்பங்களின் க்ஷேமத்துக்காக நிதி திரட்டி வருகிறோம். பட்டு வாங்க ஜனங்கள் திரளும் காஞ்சியில் உண்டியல் நிரம்புவது அரிதன்று. ஆனால் ஸ்மரணை காசோடு தீர்ந்துவிடுமா?

இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றில் பல்லவர் சரித்திரம் சிற்பமாக விரிகிறது. முடிசூட்டு வைபவங்களும் போர்களும் அணியணியாய் நிற்க, அப்போர்களில் மடிந்த சேவகர்கள் பெயரற்ற உருவங்களாகவே எஞ்சினர். செங்கம் வட்டாரத்துக் கிராமத்தாரோ இவ்விஷயத்தில் அரண்மனையாரினும் நியாயவான்கள். மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த எடுத்தனூர் நடுகல், எருமைகளைக் காத்து மாண்ட கருந்தேவக்கத்தியின் பெயரோடு, கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் (நாயின் பெயரையுமே!) மறவாமல் பொறித்திருக்கிறது.

டில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னத்தில் 25,000-க்கு மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் உள்ளன. ஆயினும் டில்லி தூரம். அவர்களுள் காஞ்சி மாவட்டத்தாரின் பெயர்களை அவரவர் பயின்ற பள்ளிச் சுவரில் பொறித்து, கொடி நாள் காலையில் மாணவர் வாயால் படிக்கச் செய்வது ஜில்லா நிர்வாகத்துக்குப் பெருஞ்செலவாகாது. வரும் டிசம்பருக்குள் அதனைத் தொடங்கலாம்.