அடுப்பு எண்ணெயும் அவசர ஓட்டமும்

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த சில நாள்களில், திருவையாற்றிலிருந்து அரிசியும் போர்வைகளும் மெழுகுவர்த்திகளும் ஏற்றிக்கொண்டு பட்டுக்கோட்டைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தோம். சாலையில் சாய்ந்துகிடந்த தென்னைகளைத் தவிர்த்துச் சுற்றிச் சுற்றிப் போனதில் காரின் பெட்ரோல் வற்றிவிட்டது. வழியில் கண்ட பங்கில் மின்சாரம் இல்லை. "கொஞ்சம் சீமெண்ணெய் ஊத்தினா ஊர் போய்ச் சேந்துடலாம்" என்றார் உடன் வந்தவர். அதைக் கேட்ட ஓர் அம்மையார், நாம் கொடுத்த அரிசியை இறக்கிவைத்த கையோடு, ரேஷன் எண்ணெய்க் கேனை எடுத்துவந்து நீட்டினார். இரண்டு லிட்டர் இருந்திருக்கலாம். அவ்வீட்டின் விளக்குக்கும் அடுப்புக்கும் அதுவே இருப்பு. நாம் வாங்கவில்லை. பிறகு ஒருவர் தம் மோட்டார் சைக்கிளிலிருந்து குழாய் வைத்து இறக்கிக் கொடுத்த பெட்ரோலில் ஒரத்தநாடு வந்து சேர்ந்தோம்.

அடுத்த ஜனவரியில் தியாகராஜர் ஆராதனைக்கு வந்திருந்த யாழ்ப்பாண நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பெட்ரோல் தடுக்கப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாகக் கிடைத்தது. பழைய ஆஸ்டின், மொரிஸ் மைனர் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அதிலேயே ஓடின. சிறு குப்பியிலிருந்து சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் பீய்ச்சி எஞ்சினை உயிர்ப்பிப்பார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய் தொடரும். வெண்புகை கக்கிக்கொண்டு வண்டி நகரும். நோயாளிகளும் பிரசவ வேதனைப்பட்ட பெண்களும் அப்படித்தான் மருத்துவமனை சேர்ந்தார்கள்.

இதைத் தமிழரின் புத்திசாலித்தனம் என்று மெச்சுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. மெச்சத்தக்கதே. ஆனால் நண்பர் அடுத்துச் சொன்னதை யாரும் மேடையில் சொல்வதில்லை. அதே மண்ணெண்ணெயைத்தான் ஜாம் போத்தலில் சிறிதளவு விட்டுத் திரியேற்றிப் பிள்ளைகள் படித்தார்கள். வண்டிக்குள் ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் ஏதோ ஒரு விளக்கிலிருந்தோ அடுப்பிலிருந்தோ எடுத்ததுதான்.

எஞ்சினும் அதற்கு விலை கேட்கும். மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. அதன் ஆக்டேன் எண் பெட்ரோலினதில் பாதிகூட இல்லை. ஆகவே அழுத்தம் கூடினால் எஞ்சின் தட்டும். எரியாமல் தங்குவது கீழிறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். பழைய கார்கள் பிழைத்ததற்குக் காரணம் அவற்றின் குறைந்த அழுத்த விகிதமே. பிரிட்டனில் ஒரு காலத்தில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் உழுத பெர்குசன் டிராக்டர்களோ அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. இன்றைய கார்களின் இன்ஜெக்டரும் சென்சாரும் புகைபோக்கியிலுள்ள வினையூக்கியும் அதைத் தாங்கா. இவற்றினும் கொடியது மறுதலை: பெட்ரோல் கலந்த மிச்சம் கேனோடு சமையலறைக்குத் திரும்பினால் அடுப்பு வெடிக்கும்.

இனி, அவசரமே இல்லாத இடத்தில் நடந்ததைப் பார்ப்போம். மானிய விலையில் ஏழைகளுக்கு வழங்கிய மண்ணெண்ணெய் களவாகப் பெட்ரோலிலும் டீசலிலும் கலக்கப்பட்டது. நீலச் சாயம் சேர்த்தும் களவு நிற்கவில்லை. கலப்படம் செய்த பங்குக்கு முத்திரையிட்ட இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் 2005 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே, 2011 ஜனவரி 25 அன்று, கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனாவணே எண்ணெய்த் திருட்டைத் தடுக்கப்போய் உயிரோடு எரிக்கப்பட்டார்.

யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததும் மன்மாட்டில் நிகழ்ந்ததும் வேதியியலில் ஒன்றே: அடுப்பின் எண்ணெய் வண்டிக்குப் போகிறது. அறத்தில் அவை இருவேறு துருவங்கள். முன்னதில், தன் விளக்கைத் தாழ்த்தியவர்களுக்கு அது எதற்கென்று தெரிந்திருந்தது. பின்னதில், யாருடைய அடுப்பு அணைந்தது என்று எடுத்தவன் கேட்கவேயில்லை. அவசரம் என்ற சொல்லுக்கு நாம் வைக்கவேண்டிய உரைகல் இக்கேள்விதான்: இந்த எண்ணெய் யாருடையது, அவர் வீட்டில் இன்றிரவு என்ன எரியும்?

பட்டுக்கோட்டைப் பக்கத்து அம்மையார் அக்கேனை மனமுவந்துதான் நீட்டினார். கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பதாலேயே எடுப்பவரின் தேவை அவசரமாகிவிடாது. நமக்கு அன்று நேர்ந்தது தாமதம், அவ்வளவே. காரில் ஒரு நோயாளி இருந்திருந்தால் நாமும் வாங்கியிருப்போம். அவரும் அன்றிரவு இருட்டில் இருந்திருப்பார். அந்த இருட்டையும் சேர்த்தே இக்கதைகளை எழுதிவைக்க வேண்டும் என்பதே நமது கருத்து.