வெளிச்சத்தை விற்போம், அதன் பின்னால் ஒளிய வேண்டாம்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா முதல் ஊர்ச் சந்தியிலுள்ள சிறிய கணனிக் கடை வரை, கண்ணாடிப் பக்கம் வைத்த கேசிங்குக்குள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக விளக்குகள் மின்னும் கணனிகளைக் காண்கின்றோம். இதனை வீண் ஆடம்பரம் எனக் கூறி முகம் சுளிக்கும் மூத்த வியாபாரிகளும் எம்மத்தியில் உள்ளனர். அவர்களது கருத்துடன் எனக்கு உடன்பாடில்லை. வாடிக்கையாளர் விரும்பிக் கேட்பதை நியாயமான விலைக்குக் கொடுப்பதுதான் வியாபாரம். ஆனால் அந்த வெளிச்சத்தைக் காட்டி வேறொன்றை மறைப்பதுதான் பிழை.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இந்த அலங்காரத்துக்கு மெல்லிய கண்ணாடிக் குழாய் விளக்குகளே பாவிக்கப்பட்டன. அவற்றுக்கு உயர் வோல்ட் வழங்கும் இன்வேர்ட்டர் தேவை, தட்டினால் உடையும். அவற்றின் இடத்தை எல்.ஈ.டி. பட்டிகள் பிடித்துக்கொண்டன. நீல எல்.ஈ.டி.யைக் கண்டுபிடித்தமைக்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு கணனியில் மிக மலிவான பாகங்களில் ஒன்று இந்தப் பட்டிதான்.

மலிவு என்பதற்காக வேலை இலேசானதல்ல. நான்கு பின் கொண்ட பட்டி 12 வோல்ட்டில் இயங்குவது. மூன்று பின் கொண்டது 5 வோல்ட்டில் இயங்குவது. கடைப் பையன் அவசரத்தில் 5 வோல்ட் பட்டியை 12 வோல்ட் இணைப்பில் வலிந்து சொருகினால் அந்தக் கணமே பட்டி கருகிவிடும். மதர்போர்டின் 12 வோல்ட் விளக்கு இணைப்புகள் பெரும்பாலும் 3 அம்பியர், அதாவது 36 வொட் வரைதான் தாங்கும். மீற்றருக்கு 60 விளக்குகள் கொண்ட 5050 ரகப் பட்டி முழு வெளிச்சத்தில் மீற்றருக்குச் சுமார் 14 வொட் எடுக்கும். எனவே ஓர் இணைப்பில் இரண்டு மீற்றருக்கு மேல் மாட்டுவது ஆபத்தானது. பட்டியை ஒட்டுமுன் இடத்தை ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால், சூட்டில் பசை இளகி, பட்டி கழன்று மின்விசிறியில் சிக்கும்.

இவையெல்லாம் பழகினால் கைவரும் விடயங்கள். எனது பிரதான கவலை பவர் சப்ளை பற்றியது. கண்ணாடி வழியாக வாடிக்கையாளருக்கு விளக்கு தெரியும். கீழே மூடிக்குள் இருக்கும் பவர் சப்ளை தெரியாது. ஆகவே விளக்கை இலவசம் எனக் கொடுத்துவிட்டு, பவர் சப்ளையில் காசை மிச்சம் பிடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. பெட்டியில் 500 வொட் எனப் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். லேபிளைப் படித்தால் 12 வோல்ட் பகுதியில் 18 அம்பியர்தான் இருக்கும். 12ஐ 18ஆல் பெருக்கினால் 216 வொட். பெரிய கிராபிக்ஸ் கார்டுள்ள கணனிக்கு இது எம்மாத்திரம்? தரமற்ற பவர் சப்ளை பழுதாகும்போது சிலவேளை மதர்போர்டையும் சேர்த்தே கொண்டுபோகும்.

2022இல் டொலரின் விலை சில வாரங்களுக்குள் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதை நாம் மறக்கவில்லை. அதன் பிறகு ஒரு கணனி வாங்குவது சாதாரண குடும்பத்துக்குப் பெரும் செலவு. பிள்ளையின் படிப்புக்கென வாங்கிய கணனி ஆறு மாதத்தில் நின்றுபோனால், அந்தத் தகப்பன் பவர் சப்ளையைத் திட்டமாட்டார். கடையின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்.

எனவே கணனி விற்கும் சகோதரர்களிடம் சில விடயங்களை வேண்டுகின்றேன். விளக்குக்கும் அதனைப் பொருத்தும் கூலிக்கும் தனியாக விலை போடுங்கள். அது உழைப்பு, இலவசமாகக் கொடுக்க வேண்டியதில்லை. பவர் சப்ளையின் பெயரையும் 12 வோல்ட் அம்பியரையும் பில்லில் எழுதுங்கள். பட்டிக்கு எவ்வளவு காலம் உத்தரவாதம் என்பதையும் எழுதுங்கள். வாடிக்கையாளரின் காசு போதாவிட்டால் முதலில் விளக்கைக் குறையுங்கள். நல்ல பவர் சப்ளையுள்ள கணனிக்கு விளக்கைப் பின்னர் எப்போதும் பூட்டலாம். அதற்காக அவர் மீண்டும் உங்கள் கடைக்கே வருவார்.

பில்லில் எழுதக் கூச்சப்படும் ஒரு பாகத்தைக் கேசிங்குக்குள் பூட்டாதிருப்பதே நீண்டகால இலாபத்துக்கு வழி.