வாசியாமல் ஊற்றுகின்றோம்

ஒஸ்லோவின் கிழக்குப் பகுதியில் வாழும் எம்மவருள் ஹெல்ஸ்ஃபீர் நிலையத்தை அறியாதவர் இரார். அதிகாலையில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யச் செல்வோரும், நள்ளிரவில் உணவகச் சமையலறைகளில் வேலை முடித்துத் திரும்புவோரும் அங்கேதான் சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாறுகின்றனர். நிலையத்தின் அருகே ஒரு வீதி செல்கின்றது. அதன் பெயர் ஃபிர்ஸ்திக் அலேயன். தமிழிற் சொன்னால் நெருப்புக்குச்சிச் சாலை. அப்பெயர் எவ்வாறு வந்தது என்று நாம் கேட்டதில்லை. கேட்பதற்கு எமக்கு நேரமும் இருந்ததில்லை.

19 ஆம் நூற்றாண்டில் அவ்விடத்தில், குரோன்வொல்ட் என்னும் பெயரில் ஒரு நெருப்புக்குச்சித் தொழிற்சாலை இருந்தது. சற்றுத் தள்ளி ப்ரீனில் இன்னொன்று இருந்தது. அங்கே வேலை செய்தோருட் பெரும்பாலானோர் ஏழைப் பெண்கள். குச்சியின் முனையிற் பூசும் கலவையில் வெள்ளைப் பொசுபரசு கலந்திருந்தது. அதன் ஆவியைச் சுவாசித்ததாலும், கழுவாத கையாற் பாணைப் பிய்த்து உண்டதாலும் அந்த நஞ்சு உடலிற் சேர்ந்தது. முதலில் வெறும் பல்வலி. பின்னர் ஈறு வீங்கிச் சீழ் வைக்கும். ஈற்றில் தாடை எலும்பே உக்கிப் போகும். 1889 ஒக்டோபரில் கூலி குறைக்கப்பட்டபோது இவ்விரு தொழிற்சாலைகளையும் சேர்ந்த 300 இற்கும் மேற்பட்ட பெண்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். எழுத்தாளர் பியோர்ன்ஸ்தியர்னெ பியோர்ன்சன் அவர்கள் பக்கம் நின்றார். கேட்டவை யாவும் கிடைத்துவிடவில்லை. ஆயினும் அவர்கள் தமக்கென ஒரு தொழிற்சங்கம் அமைத்தனர். 1892 இல் தொழிற்சாலைகளை மேற்பார்வை செய்யும் சட்டம் இந்நாட்டில் வந்தது. இன்று ஆர்பைட்ஸ்தில்சீனெ என்று அழைக்கப்படும் அரச தொழில் மேற்பார்வை நிறுவனம் அதன் வழி வந்ததே. வெள்ளைப் பொசுபரசை நெருப்புக்குச்சியிற் சேர்ப்பதைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1906 இல் பேர்ண் நகரில் உருவானது.

அந்தப் பெண்களின் பெட்டிகளில் எச்சரிக்கைச் சிட்டை எதுவும் ஒட்டப்பட்டிருக்கவில்லை. எமது போத்தல்களில் ஒட்டப்பட்டிருக்கின்றது. நாம் வாசிப்பதில்லை.

நாம் நன்கறிந்த ஒரு சகோதரியின் கதை இது. ஒரு கட்டடத்தின் குளிப்பறைகளைத் துப்புரவு செய்வது அவரது வேலை. ஓடுகளிற் படிந்த சுண்ணாம்புக் கறை போகவில்லை என்று மேற்பார்வையாளர் இரு தடவை குறை சொல்லிவிட்டார். மூன்றாம் நாள், கறை நீக்கும் அமிலத் திரவத்தை ஊற்றிய இடத்திலேயே குளோரின் திரவத்தையும் ஊற்றித் தேய்த்தார். இரண்டு மருந்து சேர்ந்தால் இருமடங்கு வேலை செய்யும் என்பது அவரது கணக்கு. யன்னல் இல்லாத அறை. கண் எரிந்து, தொண்டை அடைத்து, இருமிக்கொண்டே வெளியே வந்தார். அதன் பின்னும் மிகுதி மூன்று அறைகளையும் முடித்துவிட்டே வீடு சென்றார். ஒருவரிடமும் சொல்லவில்லை. இரவு மூச்செடுக்க முடியாமற் போகவே கணவர் அவசர மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு சென்றார். உயிருக்கு மோசம் வரவில்லை. ஆனால் மாடிப்படி ஏறும்போது வரும் இளைப்பு இன்னும் அவரை விட்டபாடில்லை.

நடந்தது என்னவெனில், இந்நாட்டுக் கடைகளில் குளோரின் என்ற பெயரிலேயே விற்கப்படும் வெளுப்புத் திரவம் அமிலத்துடன் சேரும்போது குளோரின் வாயு வெளியேறும். முதலாம் உலகப் போரிற் படைவீரரைக் கொல்லப் பயன்பட்ட வாயு அதுவே. அதே திரவம் ஸால்மியாக் எனப்படும் அமோனியாக் கரைசலுடன் சேர்ந்தால் குளோரமீன் என்னும் வேறொரு நச்சு வாயு உண்டாகும். இவற்றின் தீங்கு உடனே முழுமையாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்தும் நுரையீரலைத் தாக்கக்கூடும். எமக்கோ குளோரின் அந்நியப் பொருளன்று. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் அதைச் செய்தார்கள். வெள்ளம் வடிந்த பின் ஊர்க் கிணறுகளுக்கு அதைப் போட்டார்கள். அந்த மணம் எழுந்தாற் கிருமி செத்தது என்று தாய்மார் ஆறுதல் அடைந்தனர். மணம் கூடினாற் சுத்தமும் கூடும் என்ற நம்பிக்கையை நாம் கப்பலேறும்போது விட்டுவிட்டு வரவில்லை.

வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் 1980களிலும் 1990களிலும் உழைத்தவர்கள் அமோனியாவை அறிவர். குளிரறைகளைக் குளிரூட்டப் பயன்படும் வாயு அது. எச்சரிக்கை ஒலி எழுந்தபோது எம்மிற் சிலர் ஓடியதுண்டு. ஏன் ஓடினோம், எத்திசை ஓட வேண்டும் என்று கேட்டால் விடை இல்லை. முன்னால் ஓடிய நோர்வேஜியரைப் பார்த்து ஓடினோம். வாயு கசிந்தாற் காற்று வரும் திசை நோக்கிச் செல்ல வேண்டும் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தோம்.

உணவகங்களில் வேறு விதம். அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றும் திரவத்திலும், தட்டுக் கழுவும் இயந்திரத்துக்கு ஊற்றும் திரவத்திலும் கடுங்காரம் இருக்கும். அமிலம் பட்டாற் பெரும்பாலும் உடனே எரியும். காரமோ சில வேளை வலி காட்டாமலே ஆழமாக அரித்துச் செல்லும். கண்ணிற் பட்டால் முதற் காரியம் தண்ணீர். இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம், ஓடும் நீரிற் கழுவ வேண்டும். அதன் பின்னரே மற்றவை. இத்திரவங்களைக் கோலாப் போத்தலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருவோரும் எம்மிடையே உள்ளனர். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் ஐந்து வயதுப் பிள்ளை அது என்னவென்று எவ்வாறு அறியும்? அவ்வாறு எதையேனும் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைக் கழுவிவிட்டு, பகலிரவு எந்நேரமும் இயங்கும் நச்சுத் தகவல் நிலையத்தை 22 59 13 00 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். மூச்சோ நினைவோ தடுமாறினால் 113.

பழைய காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் செம்மஞ்சட் சதுரத்திற் கறுப்புப் படம் போட்ட சிட்டைகளையே பழகியிருப்பர். அவை போய், சிவப்பு விளிம்பிட்ட சாய்சதுரங்கள் வந்துவிட்டன. கையின் மீதும் உலோகத்தின் மீதும் திரவம் சொட்டுவது போன்ற படம் இருந்தால் அது அரிக்கும் பொருள். நோர்வேஜிய மொழியில் ஏட்சென்டெ. நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தது போன்ற மனித உருவம் இருந்தால், இன்று ஒன்றும் செய்யாது நாளை சுவாசத்தையோ உள்ளுறுப்பையோ கெடுக்கக்கூடியது. யிஃப்தி என்றால் நஞ்சு. ப்ரன்ஃபார்லி என்றாற் தீப்பற்றக்கூடியது. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு மாலையிற் கற்கக்கூடிய பாடம் இது.

இத்தகைய ஒவ்வொரு பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. வேலைத்தலத்தில் அவை யாவற்றையும் ஸ்தொஃப்கார்தொதேக் எனப்படும் தொகுப்பில், தொழிலாளர் பார்க்கக்கூடிய விதத்தில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. முழுவதையும் படிக்கத் தேவையில்லை. 4 ஆம் பகுதி முதலுதவி. 8 ஆம் பகுதி எந்தக் கையுறை, எந்த முகக்கவசம் என்பது. 10 ஆம் பகுதி எதனோடு சேர்க்கக் கூடாது என்பது. அந்தச் சகோதரி 10 ஆம் பகுதியைப் பார்த்திருந்தால் அன்றிரவு மருத்துவரிடம் சென்றிருக்க மாட்டார்.

ஆயினும் அவர் வாசிக்காதது மட்டுமா குறை? சொல்லாமல் விட்டாரே, அதுவே எம்மைக் கூடுதலாக வருத்துகின்றது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "வேலையை விட்டு நிப்பாட்டிப் போட்டாலும்?" என்றார். இப்பதிலை ஏளனம் செய்ய எமக்கு மனம் வரவில்லை. வருமானத்தைக் காட்டியே கணவனையோ மனைவியையோ அழைக்க வேண்டியிருந்த காலத்தை, ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதந்தோறும் பணம் அனுப்பிய காலத்தை நாமும் கண்டவர்களே. ஆனால் இந்நாட்டுச் சட்டம் வேறு விதமாகப் பேசுகின்றது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்தின்றித் தொடர முடியாது என்று கருதும் தொழிலாளி வேலையை நிறுத்த வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டின் தொழிற்சூழற் சட்டம் கூறுகின்றது. அதை உரிமை என்றல்ல, கடமைகளின் வரிசையிலேயே அது வைத்திருக்கின்றது. தொழிலாளர் தெரிவு செய்யும் பாதுகாப்புப் பிரதிநிதிக்கு ஆபத்தான வேலையைத் தடுத்து நிறுத்தவே அதிகாரம் உண்டு. 2024 முதல் ஐந்து பேர் வேலை செய்யும் சிறு நிறுவனத்துக்கும் அவர் இருந்தாக வேண்டும். துப்புரவுத் தொழிலாளர் படத்துடன் கூடிய பாதுகாப்பு அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கின்றனர். தமது பாதுகாப்புப் பிரதிநிதியின் பெயரைக் கேட்டால் விழிக்கின்றனர்.

எமது சங்கங்களையும் இங்கே சற்றுக் கேட்க வேண்டும். விளையாட்டுப் போட்டியும் கலைவிழாவும் ஆண்டுதோறும் குறைவின்றி நடக்கின்றன, நடக்கட்டும். சனிக்கிழமைகளிற் பிள்ளைகள் தமிழ் படித்து முடியும் வரை தாய் தந்தையர் தேநீருடன் நடைபாதையிற் காத்து நிற்கின்றனர். அந்த ஒரு மணி நேரத்தில், நான்கு வெறும் போத்தல்களை மேசையில் வைத்து, அவற்றின் சிட்டைகளை வாசித்துக் காட்ட ஒருவர் போதும். மருத்துவமும் இரசாயனமும் படித்த எமது இளையோர் இந்நகரில் நிறைய உள்ளனர்.

அதுவரை வாசகர்கள் தாம் நாளாந்தம் கையாளும் திரவங்களின் பெயர்களைச் சிட்டையிற் கண்டவாறே எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பலாம். அவற்றின் 4 ஆம், 8 ஆம், 10 ஆம் பகுதிகளைத் தமிழாக்கி வாரம் ஒன்றாக இப்பக்கத்தில் வெளியிட எண்ணியுள்ளோம். அனுப்புவோர் தமது பெயரையோ வேலைத்தலத்தின் பெயரையோ குறிப்பிட வேண்டியதில்லை.