58 ஆசனங்கள் காலி, கண்டிக்குக் கவலையில்லை

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டெம்பர் 21ஆம் திகதி. அந்தச் சபையின் ஆயுள் 2018 அக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து கண்டி, மாத்தளை, நுவரெலியா ஆகிய மூன்று மாவட்டங்களின் மாகாணப் பாடசாலைகள், பிரதேச வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், உள்ளூர் பஸ்களின் அனுமதிப் பத்திரங்கள் எல்லாம் நாம் தெரிவு செய்யாத ஆளுநர் ஒருவரின் கையில் இருக்கின்றன. மைத்திரி குணரத்ன, கீர்த்தி தென்னகோன், லலித் யூ கமகே, சரத் அபேகோன் என ஆளுநர்கள் மாறினார்கள். மைத்திரிபால சிறிசேன, கோட்டாபய ராஜபக்ஷ, ரணில் விக்கிரமசிங்க, அநுர குமார திஸாநாயக்க என ஜனாதிபதிகளும் மாறினார்கள். தேர்தல் மட்டும் வரவில்லை. முப்பது வயதான கண்டிக்காரர் ஒருவர் மாகாண சபைத் தேர்தலில் ஒரு முறைகூட வாக்களித்ததில்லை.

இதற்காகக் கண்டி நகரில் யாரும் ஊர்வலம் போகவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சுவரொட்டி இல்லை. தேநீர்க் கடைப் பேச்சில்கூட இது வருவதில்லை. நம்மை அச்சுறுத்துவது அந்த அமைதிதான். ஒரு மாகாணம் தன் 58 பிரதிநிதிகளை இழந்து, இழந்ததையே மறந்துவிட்டது என்றால், அடுத்ததாக எதை எடுத்தாலும் அது கேட்காது என்று ஆட்சியில் இருப்பவர்கள் கணக்குப் போடுவார்கள். போட்டும் இருக்கிறார்கள்.

2023 மார்ச் 9இல் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தலை நினைவுபடுத்திக்கொள்வோம். வேட்புமனு ஏற்றாகிவிட்டது, கட்டுப்பணம் கட்டியாகிவிட்டது. திறைசேரியில் பணமில்லை என்றார்கள். ஏப்ரல் 25 என்றார்கள். பிறகு திகதியே இல்லை. போட்டியிடுவதற்காகச் சம்பளமில்லா விடுமுறையில் போன அரச ஊழியர்கள் மாதக்கணக்கில் நடுத்தெருவில் நின்றார்கள். மார்ச் 19 நள்ளிரவோடு சபைகளின் காலம் முடிந்தது. 1865இல் கொழும்போடு சேர்த்து உருவாக்கப்பட்ட, நாட்டின் மிகப் பழைய இரண்டு மாநகர சபைகளில் ஒன்றான கண்டி மாநகர சபை, இரண்டு வருடத்துக்கும் மேலாக ஆணையாளர் ஒருவரின் நிர்வாகத்தில் கிடந்தது. தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்ட் 22இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகும் வாக்குப் பெட்டி வர 2025 மே 6 ஆகிவிட்டது.

அந்த இடைக்காலத்தில் கண்டிக்கு என்ன நடந்தது என்பதற்கு ஒரு சாட்சி போதும். 2025 ஏப்ரல் 18 முதல் 27 வரை, பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு தலதா காட்சிப்படுத்தல் நடந்தது. இலட்சக்கணக்கான பக்தர்கள் வந்தார்கள். வரிசை கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. மலசலகூட வசதி போதவில்லை, குப்பை மலையானது, கடைசியில் இனிமேல் கண்டிக்கு வராதீர்கள் என்று பொலிஸாரே மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை. அவ்வளவு கூட்டம் நகருக்குள் நுழைந்த அந்தப் பத்து நாட்களும் நகருக்கு மேயர் இல்லை, உறுப்பினர்கள் இல்லை, சபையே இல்லை. வீட்டு வாசலில் குவிந்த குப்பைக்கு வட்டார உறுப்பினரைத் தேடிப் பிடித்து ஏசலாம் என்றால், ஏசுவதற்குக்கூட ஆளில்லை. நடந்தவற்றுக்கு யார் பொறுப்பு என்று சபையில் எழுந்து கேட்கவும் ஒருவரில்லை.

இப்போது மாநகர சபை இருக்கிறது. தேசிய மக்கள் சக்தியைச் சேர்ந்த மேயர் இருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் கண்டியின் தலையாய பிரச்சினைகளில் எதுவும் மாநகர எல்லைக்குள் முடிவதில்லை. காலையில் நகரை அடைக்கும் வாகனங்கள் குண்டசாலை, ஹரிஸ்பத்துவ, யட்டிநுவர, உடுநுவர, பாத்தஹேவாஹெட்ட என்று சுற்றியுள்ள பிரதேச சபைகளிலிருந்து வருகின்றன. பேராதனைப் பக்கம், கட்டுகஸ்தோட்டைப் பக்கம், தென்னேக்கும்புரப் பக்கம் என விரல்விட்டு எண்ணக்கூடிய சில வாசல்கள்தான் நகருக்கு. 1998 ஜனவரி 25 குண்டுவெடிப்புக்குப் பிறகு தலதா மாளிகைக்கு முன்னாலுள்ள வீதி வாகனங்களுக்கு மூடப்பட்டது. அந்தச் சுமையையும் மற்ற வீதிகள் தாங்குகின்றன. நகரின் குப்பை கொஹாகொடையில், மகாவலிக் கரையோரம் பல பத்தாண்டுகளாகக் கொட்டப்படுகிறது. அதிலிருந்து கசியும் கழிவுநீர் ஆற்றில் கலக்கிறது. மாகாணத்துக்குள் ஓடும் பஸ்ஸுக்கு அனுமதி கொடுப்பது மாகாண அதிகார சபை. பல சபைகளை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச வேண்டிய இடம் மாகாண சபை. பல்லேகலையில் அதற்கென்று கட்டடம் நிற்கிறது. மேசைக்கு ஆள்தான் இல்லை.

மாகாண சபை வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த விஷயம், நமக்கென்ன என்ற பேச்சு மலையகத்தில் நெடுநாளாக உண்டு. 1987 இலங்கை இந்திய ஒப்பந்தத்தாலும் 13ஆவது திருத்தத்தாலும் பிறந்தது உண்மை. ஆனால் நடைமுறையில் அதனால் மத்திய மாகாணத் தமிழர் பெற்றதை எண்ணிப் பார்க்க வேண்டும். மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்கென்று ஒரு மாகாண அமைச்சர் இருந்தார். அருள்சாமி, ராதாகிருஷ்ணன், அனுஷியா சிவராஜா, ரமேஷ்வரன் என்று அந்த நாற்காலியில் இருந்தவர்களைப் பற்றி ஆளுக்கொரு விமர்சனம் நமக்கு உண்டு. நியமனங்களில் கட்சிக்காரருக்கு முன்னுரிமை, திறப்பு விழாவுக்கு வந்து மாலை போட்டுக்கொண்டு போவது என்று எழுதினால் பக்கம் போதாது. இருந்தும், மடுல்கலையிலோ தெல்தோட்டையிலோ புசல்லாவையிலோ ஒரு தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லை என்றால், பெற்றோர் சங்கம் போய்த் தமிழில் முறையிட ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவு 2018இல் மூடிக்கொண்டது. தோட்டப் பாடசாலைகளுக்கென்று மாதம் 6,000 ரூபா கொடுப்பனவில் எடுக்கப்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் நிரந்தர நியமனத்துக்காக வருடக்கணக்கில் அலைந்தபோது, மாகாணத்தில் அவர்களுக்காகக் கேள்வி எழுப்பக் கடமைப்பட்ட ஒரு தெரிவான உறுப்பினர் இல்லை. கொழும்புக்குத்தான் போக வேண்டியிருந்தது.

வாக்கில்லாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. 1948 குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் பிறகு மலையகத் தமிழர் ஒருவர் தேர்தலில் நின்று வென்று பாராளுமன்றம் போக 1977 வரை, சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா மஸ்கெலியாவில் வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கண்டி மாவட்டத்தின் நிலை இன்னும் கடினம். தமிழர் இங்கே சிதறி வாழ்கிறோம். 2015இலும் 2020இலும் வேலுகுமார் வென்றார், 2024இல் தோற்றார். பாராளுமன்றத்துக்கு ஒருவரை அனுப்புவதே இவ்வளவு சிரமமான மாவட்டத்தில், விகிதாசார முறையில் நடந்துவந்த மாகாண சபைத் தேர்தல்தான் சிறுபான்மைக்குக் கைக்கெட்டும் கிளை. தமிழருக்கு மட்டுமல்ல, அக்குறணை, கம்பளை முஸ்லிம்களுக்கும் அப்படியே.

தேர்தல் எப்படிக் காணாமல் போனது என்பதை ஒரு தடவை சொல்லிவிட வேண்டும். பலருக்கு மறந்தே போயிருக்கும். 2017இல் பெண் வேட்பாளர்களின் பங்கை உயர்த்துவதற்காக ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தது. செப்டெம்பர் 20இல் குழுநிலையில் அதன் வயிற்றுக்குள் வேறொரு சட்டத்தைத் திணித்து, தேர்தல் முறையையே கலப்பு முறையாக்கினார்கள். கலப்பு முறைக்குத் தொகுதி எல்லை வேண்டும். எல்லை நிர்ணயக் குழு அறிக்கை தந்தது. 2018 ஓகஸ்ட் 24இல் அதை வாக்கெடுப்புக்கு விட்டார்கள்: எதிராக 139, ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சர் பைசர் முஸ்தபாவும் எதிர்த்தே வாக்களித்தார். அடுத்துப் பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழு. இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை, அறிக்கை வரவேயில்லை. சட்டத்தைத் திருத்தாமல் பழைய முறையில் தேர்தல் நடத்த முடியாது என்று 2019இல் உயர் நீதிமன்றம் கூறியது. பழைய முறைக்குத் திரும்பலாம் என்று எம்.ஏ.சுமந்திரன் தனிநபர் சட்டமூலம் கொண்டுவந்து பார்த்தார். அதுவும் நகரவில்லை. ஆக, இந்தத் தேர்தலைத் தடுத்து நிற்பது யுத்தமுமில்லை, பஞ்சமுமில்லை. சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றக்கூடிய ஒரு சிறு திருத்தம்.

இன்றைய அரசாங்கத்திடம் 159 ஆசனங்கள் இருக்கின்றன. காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்ட மாகாண, உள்ளூராட்சித் தேர்தல்களை ஓராண்டுக்குள் நடத்துவோம் என்று விஞ்ஞாபனத்தில் சொன்னதும் அவர்கள்தான். ஏன் தயக்கம்? 2024 நவம்பரில் 61.56 வீதமாக இருந்த தேசிய மக்கள் சக்தியின் வாக்கு, ஆறே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தலில் 43.26 வீதமானது. இன்னொரு தேர்தலுக்கு அவசரப்பட எந்தக் கட்சிக்கும் மனம் வராது. அதோடு, அதன் முதன்மைக் கட்சியான மக்கள் விடுதலை முன்னணிக்கு மாகாண சபையோடு பழைய பகை. 1988இல் முதல் மாகாண சபைத் தேர்தலை ஆயுதத்தால் தடுக்க முயன்றார்கள். பின்னர் அதே சபைகளில் போட்டியிட்டு உட்கார்ந்தார்கள். 2006இல் நீதிமன்றம் போய் வடக்கு கிழக்கு இணைப்பைப் பிரித்தார்கள். இப்போது எதிர்க்கவும் வேண்டாம், நடத்தவும் வேண்டாம் என்ற வழி வசதியாகக் கிடைத்திருக்கிறது. முன்னைய மூன்று ஜனாதிபதிகளும் போட்டுக்கொடுத்த வழி அது. அவர்களை ஊழல்வாதிகள் என்று சொல்லி ஆட்சிக்கு வந்தவர்கள் இதில் மட்டும் அவர்கள் பாதையை விட்டு விலகவில்லை.

மாகாண சபை வெள்ளை யானை, வாகனமும் வெளிநாட்டுப் பயணமும்தான் மிச்சம் என்பார்கள் சிலர். நியாயமான கோபம். ஆனால் சபை கலைந்த பிறகு செலவு நின்றதா? ஆளுநர் செயலகம் இயங்குகிறது. பிரதம செயலாளர் இருக்கிறார், அமைச்சுச் செயலாளர்கள் இருக்கிறார்கள், திணைக்களங்கள் இருக்கின்றன, வாகனங்களும் ஓடுகின்றன. வருடா வருடம் நிதி ஒதுக்கப்படுகிறது, செலவாகிறது. நீக்கப்பட்டது ஒன்றுதான்: அந்தச் செலவைப் பற்றிப் பகிரங்கமாகக் கேள்வி கேட்கும் எதிர்க்கட்சி வரிசை. ஊழலுக்கு அஞ்சுபவர் முதலில் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்கள் போனது கண்டி மாவட்டத்தில். மலைகள் சரிந்தன, மகாவலி பெருகிக் கம்பளையும் பேராதனையும் மூழ்கின, மாகாண வீதிகளும் பாடசாலைகளும் சிதைந்தன. எந்தப் பாதையை முதலில் திறப்பது, எந்தப் பாடசாலையை மலையடியிலிருந்து இடம்மாற்றுவது, காணிக்கு உறுதி இல்லாத லயக்குடும்பத்துக்கு எங்கே வீடு என்பதெல்லாம் அதிகாரிகளின் கூட்டங்களில் தீர்மானிக்கப்படுகின்றன. உழைக்கும் அதிகாரிகளைக் குறை சொல்லவில்லை. பலர் தூக்கமில்லாமல் வேலை செய்தார்கள். ஆனால் பன்வில பக்கத்து ஒரு தோட்டத்தின் பெயர் பட்டியலில் விட்டுப்போனால், அதை உரத்துச் சொல்வதற்குச் சபைக்குள் ஒருவர் வேண்டும். அடுத்த தேர்தலில் அந்தத் தோட்டத்தின் வாக்கு தேவைப்படும் ஒருவர். மாற்றலாகிப் போகக்கூடிய அதிகாரிக்கு அந்தத் தேவை இல்லை. இந்த மலைகளில் மழை இனியும் பெய்யும். அடுத்த அழிவையும் இதே வெறுமையோடு எதிர்கொள்ளப் போகிறோமா?

நமது கட்சிகளின் மௌனமும் கேள்விக்குரியது. இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் தமிழ் முற்போக்குக் கூட்டணியும் சம்பளத்துக்காகப் பேசுகின்றன, காணிக்காகப் பேசுகின்றன. பேசட்டும். ஆனால் தங்களுடைய அடுத்த தலைமுறை அரசியல்வாதி பழகும் களரியே மூடிக் கிடக்கிறது என்பதைக் கண்டியில் மேடை போட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. பாராளுமன்றத்துக்குப் போன மலையகத் தலைவர்களில் எத்தனை பேர் மாகாண சபையில் தொடங்கியவர்கள் என்று அவர்களுக்குத் தெரியாதா?

புதிய தேர்தல் முறை, புதிய அரசியலமைப்பு என்று பேசிக்கொண்டிருப்பது காலம் கடத்தும் வேலை. அவை வரும்போது வரட்டும். இப்போதைக்கு 2017க்கு முந்திய விகிதாசார முறைக்குத் திரும்பும் திருத்தத்தை நிறைவேற்றி, தேர்தல்கள் ஆணைக்குழு திகதி குறிக்க வழிவிட வேண்டும். கண்டி மாவட்டத்தின் 12 பாராளுமன்ற உறுப்பினர்களில் 9 பேர் ஆளும் தரப்பினர். மூன்று மாவட்டங்களின் உள்ளூராட்சி சபைகளும் தெரிவாகி இயங்குகின்றன. மாகாண சபைத் தேர்தலைக் கோரும் தீர்மானத்தை முதலில் கண்டி மாநகர சபையில் ஓர் உறுப்பினர் முன்மொழியட்டும், அடுத்த மாதக் கூட்டத்திலேயே. யார் கை உயர்த்துகிறார்கள், யார் உயர்த்தவில்லை என்பதைப் பெயர் பெயராக இந்தப் பக்கத்தில் வெளியிடுவோம்.